இடது கதவுல ஒரு கீறல்

"இது வேணாம்ணா. இதுல கீறலே இல்ல."

பெங்களூரு ஓல்டு மெட்ராஸ் ரோடுல பழைய கார் விக்கற ஆதிகேசவன் அண்ணன் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "இருவது வருஷமா வண்டி விக்கறேன். கீறல் இல்லன்னு வேணாம்னு சொன்ன மொத ஆளு நீதான் தம்பி."

"ஆல்டோ, பன்னெண்டு மாடல், சாம்பல் கலர். இடது பக்கம் பின் கதவுல கீறல் இருக்கணும். அப்படி ஒன்னு கெடைக்கலன்னா இதுலயே நானே போட்டுக்கறேன்ணா."

"வயசு என்ன?"

"பதினெட்டு. ஜூன்ல முடிஞ்சுது."

"வண்டி ஒன்னே முக்கால் லட்சம். அதோட நிக்காது. இன்ஷூரன்ஸ், டயரு, பேட்டரி, பெட்ரோலு. வாங்கறது பெருசில்ல, வெச்சுச் சோறு போடணும். என்ன சம்பாதிக்கற?"

சனி ஞாயிறு பேக்கரில நிக்கறேன், மாசம் ஏழாயிரம்னேன். அவரு சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல.

இப்ப மம்மி பக்கத்து ரூம்ல தூங்கறாங்க. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டதான் சொல்றேன். எனக்குக் கார் ஆசையெல்லாம் இல்ல. ஒரு காரைக் கொன்னுட்டேன்.

பக்கத்து வீட்டு டொமினிக் அங்கிளோட கார். ஜூலைல அவரு பொண்ணு லவினாக்காவைப் பாக்கக் கனடா போறப்ப சாவியை என் கைல குடுத்தாரு. "வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விடு. இல்லன்னா பேட்டரி எறங்கிடும்."

என்னோட ஆதார் ஜெராக்ஸ், போட்டோ, அப்பறம் நாலஞ்சு பேப்பர்ல கையெழுத்துன்னு வாங்கிக்கிட்டாரு. எதுக்கு அங்கிள்னு கேட்டேன். "இனிமே வண்டிக்கு எது ஆனாலும் நீதான்டா பொறுப்பு"ன்னு சிரிச்சாரு. நான் படிச்சுக்கூடப் பாக்கல.

மூணு வாரம் நின்ன எடத்துலயே ஸ்டார்ட் பண்ணேன். நாலாவது வாரம், அல்சூர் லேக் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்னு எடுத்தேன். என்கிட்ட எல்.எல்.ஆர். மட்டும்தான் இருக்கு. நாய் குறுக்க வந்துச்சு, ஒடிச்சேன், மெட்ரோ தூண். யாருக்கும் அடிபடல, நாய்க்குக்கூட. ஆனா எஞ்சின் உள்ள வந்துடுச்சு. "இதை ரெடி பண்ற காசுல வேற வண்டியே வாங்கலாம் குரு"ன்னு மெக்கானிக் கை விரிச்சுட்டான்.

அங்கிள்கிட்ட சொல்லிருக்கலாம்தான். ஆனா அந்தக் கீறல் அங்கிளோட வைஃப் மௌரீன் ஆன்ட்டி கேட்ல ஒரசினது. ஆன்ட்டி எறந்து மூணு வருஷம் ஆகுது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து அங்கிள் வண்டி தொடைப்பாரு. அந்த எடத்துல மட்டும் துணி மெதுவாப் போகும்.

அதான் அதே மாதிரி வண்டி தேடினேன். அவரு கிறிஸ்மஸுக்கு வர்றதுக்குள்ள பழைய நம்பர் பிளேட்டை அதுல மாட்டி நிறுத்திடலாம்னு. மம்மிகிட்ட வண்டி சர்வீஸ்ல இருக்குன்னு சொல்லி வெச்சேன்.

ஒடைஞ்ச வண்டியை ஒரு ஸ்கிராப் கடைல இருவத்திரெண்டாயிரத்துக்குப் போட்டேன். "சாயங்காலத்துக்குள்ள துண்டாயிடும், ஆர்.சி. எதுக்கு?"ன்னான் கடைக்காரன். என் கண்ணு முன்னாடியே மொதல்ல அந்தக் கதவைத்தான் வெட்டினான்.

அந்தக் காசு, அதோட மம்மி காலேஜ் ஃபீஸுக்குக் குடுத்த அறுபதாயிரம், ரெண்டையும் கொண்டுபோய் ஆதிகேசவன் அண்ணன்கிட்ட அந்த ஆல்டோவுக்கு அட்வான்ஸ் குடுத்தேன்.

"பத்து நாள் டைம். பாக்கி வரலன்னா இது திரும்ப வராது. சரியா, ஆயித்தா?"

"ஆயித்துண்ணா."

நேத்தோட பத்து நாள் முடிஞ்சுது. பாக்கிக்கு எங்க போவேன்?

நேத்தே என் பேருக்கு ஸ்பீட் போஸ்ட்ல ஒரு கவரு. அனுப்பினது ஆர்.டி.ஓ. ஸ்கிராப் மேட்டர் தெரிஞ்சுபோச்சு, கேஸ்தான்னு நெனச்சேன். பிரிக்கக் கூட இல்ல. நம்பர் பிளேட்டோட சேத்து கட்டிலுக்கு அடில தள்ளிட்டேன்.

கொஞ்ச நேரம் முன்னாடி அங்கிள்கிட்டேருந்து வீடியோ கால்.

"டேய் ரயான்! என்னடா மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"எக்ஸாம் அங்கிள்."

"பொய் சொல்லாத, எவளாவது விட்டுட்டுப் போயிட்டாளா? சரி கேளு. கிறிஸ்மஸுக்கு நான் வரலடா. லவினா விட மாட்டேங்கறா. இனிமே இங்கயேதான்."

எனக்கு ஒரு மாசமா நின்ன மூச்சு வந்துச்சு. தப்பிச்சேன். நிஜமாவே ஒரு செகண்ட், தப்பிச்சேன்னு நெனச்சேன்.

"ஆர்.டி.ஓ. கவரு வந்துச்சா?"

"உங்களுக்கு... எப்படி அங்கிள் தெரியும்?"

"எனக்குத் தெரியாம? இங்கேருந்து போன் போட்டு ஏஜெண்ட் உசுரை ரெண்டு மாசமா எடுத்தது நான்தானே! பிரிச்சியா இல்லியா? போ, இப்பவே எடுத்துட்டு வா."

கட்டிலுக்கு அடில கையை விட்டேன். நம்பர் பிளேட் விரல்ல பட்டுச்சு. கவரைப் பிரிச்சேன்.

உள்ள ஒரு ஆர்.சி. கார்டு. அதுல அங்கிளோட வண்டி நம்பர். ஓனர்னு போட்ட எடத்துல என் பேரு.

அங்கிள் ஸ்கிரீன்ல முழுசா சிரிக்கறாரு. "ஆன்ட்டி போறப்பவே சொல்லிட்டாடா, பையனுக்குப் பதினெட்டு ஆனதும் அவன்கிட்ட குடுத்துடுன்னு. சொல்லு, உன் வண்டி எப்படி ஓடுது?"