விரலைப் பார்க்கிறவன்

கல்யாண மண்டபத்தில் சாயங்கால ஒத்திகை நடக்கிறது. பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜெயராஜின் கண், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நிற்கும் அந்த ஆள் மேலேயே இருக்கிறது. போன கச்சேரியிலும் இதே இடத்தில்தான் நின்றான். பாடுகிற பெண்ணை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஜெயராஜின் விரல்களையே பார்க்கிறான். அந்த ஆளின் கையில் முழங்கைவரை பீங்கான் மண் வெள்ளையாய்க் காய்ந்திருக்கிறது. இரண்டு விரலை நடக்கவிட்டு வாசிக்கும் அந்தப் பழைய பாணி இந்த வட்டாரத்தில் ஜெயராஜுக்கு மட்டும்தான் கைவரும். அதைக் கற்றுக்கொள்ள போட்டிக்கு இருக்கும் சேத்தியாத்தோப்பு இசைக்குழு ஆள் அனுப்புகிறதென்று பேச்சு. ஜெயராஜ் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறான். அந்த ஆள் மேடையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறான். பாட்டு நிற்கிறது. “உங்கள யாரு அனுப்புனாங்க?” என்கிறான் ஜெயராஜ். “யாரும் அனுப்பலீங்க. பேரு சாமிதுரை, சூளையில வேல. வூட்டுக்குப் போனா பாட்டு மறந்துடுது, இந்தச் சத்தம் மட்டும் நெஞ்சுலயே இருக்குது. ஒருவாட்டி தொட்டுப் பாக்கட்டுங்களா? இதுவரைக்கும் தொட்டதே இல்லீங்க.” மறுக்க மனம் வராமல் ஜெயராஜ் கிட்டாரைக் கழற்றிக் கொடுக்கிறான். சாமிதுரையின் விரல்கள் இடம் தேடவில்லை. நேராகத் தந்திமேல் போய் உட்கார்ந்து, அதே பழைய பாணியில் இரண்டும் நடக்கின்றன. தடித்த தந்தி உறுமுகிறது, பெட்டிமேல் டீ கிளாஸ் அதிர்கிறது. கிட்டாரின் தோள்வாரை மட்டும் ஜெயராஜ் இன்னும் விடவில்லை.