பார்வையிட வந்தவர்

“நாளைக்குத் திறக்கிற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள போகக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

கடற்கரைப் பூங்காவின் புதிய காவலாளி சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“சொன்னேன். இவங்க மட்டும் போகலாம். கதவத் திறங்க” என்றார் பெண் பொறியாளர்.

அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, துடைத்து வைத்தது போல் மின்னும் ஷூ. பக்கத்தில் அவருடைய மனைவி, அவர் முழங்கையைப் பிடித்தபடி.

புயலில் இடிந்து, தகரம் அடைத்து, வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த பூங்கா இது. சீரமைக்க அரசாங்கப் பணம் கேட்டபோது ஊரே இரண்டுபட்டது. கடலில் கொட்டுகிற காசு என்று பாதிப் பேர். பிள்ளைகள் எங்கே போய் விளையாடும் என்று மீதிப் பேர். ஒருவழியாகப் பணம் வந்து வேலையும் முடிந்துவிட்டது. ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் திறப்பு விழா என்று வேலையாட்களுக்குள் பேச்சு. பூங்கா திறந்தால்தான் காவலாளிக்கு வேலை நிரந்தரம்.

அந்த ஆள் இவர்தான் என்று முடிவு கட்டி, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

“கடற்கரைப் பூங்கான்னு போட்டிருக்கு, கடலையே காணோம்?” என்றார் பெரியவர்.

“கொஞ்சம் நடக்கணும் சார்” என்றார் பொறியாளர்.

பாதை புல்மேடுகளுக்கு நடுவே வளைந்து போய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. பெரியவர் யாரையும் கேட்காமல் இடப்பக்கம் திரும்பினார். வரைபடத்தையே கரைத்துக் குடித்துவிட்டு வந்திருக்கிறார், இவரிடம் கதை விட முடியாது என்று நினைத்துக்கொண்டார் காவலாளி.

கடைசி மேட்டைத் தாண்டியதும் கடல். குறுக்கே ஒரு கம்பம் இல்லை, ஒரு கம்பி இல்லை. கண் போகிற தூரம் வரை தண்ணீர், அதன்மேல் சாயங்கால வெயில்.

பெரியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“யாரோ வேணும்னே ஒளிச்சு வச்சிருக்காங்க” என்றார் கடைசியில், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

“ஆமா சார். வாசல்லயே தெரிஞ்சா எட்டிப் பாத்துட்டுப் போயிடுவாங்க. இப்படி நடந்து வந்து பாத்தா, பாத்தவங்க மறக்க மாட்டாங்க” என்றார் பொறியாளர்.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் இருந்த சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

“செவுரு ஏன் நேரா இல்ல? படிப்படியா இறங்குதே?”

“பழைய செவுரு நேரா நின்னுச்சு சார். அலை முட்டி முட்டி உடைச்சிடுச்சு. இது அலையோட சண்டைக்குப் போகாது. ஏறி வர விட்டு, களைச்சுப் போனதும் திருப்பி அனுப்பிடும்.”

சொல்லி வைத்தது போல ஒரு பெரிய அலை இரைந்துகொண்டு வந்தது. படிப்படியாக ஏறி, பெரியவரின் ஷூவுக்குக் கொஞ்சம் கீழே நுரையாகி அடங்கித் திரும்பியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவியும் சிரித்தார், ஆனால் அவர் அலையைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் போனது.

“செவுரு ஏன் நேரா இல்ல?” என்று பெரியவர் மறுபடியும் கேட்டார்.

கேட்டதையே கேட்டு மடக்கப் பார்க்கிறார், பெரிய கெட்டிக்காரர் என்று காவலாளி பயந்தார். பொறியாளரோ முகம் சுளிக்காமல், அதே பதிலை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார்.

அதற்குமேல் காவலாளியால் சும்மா இருக்க முடியவில்லை.

“சார், குடுத்த பணம் ஒரு பைசா வீண் போகல சார்.”

“பணமா? யாரு குடுத்தா?”

“ஜனங்க வரிப்பணம்தான் சார்.”

“அப்ப உள்ள வர டிக்கெட்?”

“அதெல்லாம் இல்ல சார். யார் வேணா வரலாம், எவ்வளவு நேரம் வேணா உக்காரலாம்.”

பெரியவர் கடலைப் பார்த்தார். பிறகு காவலாளியைப் பார்த்தார்.

“நாளைக்கு நான் வரலாமா?”

“என்ன சார், நீங்க வராமலா?” என்றார் காவலாளி. இது சம்மதம்தான். பாதி உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் அவரும் கடலை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாள் இங்கேயே காவல் இருந்தும் இதைப் பார்க்கவே இல்லையே என்று தோன்ற, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சூரியன் தண்ணீரைத் தொட்டது.

பெரியவர் மெல்ல எழுந்து பொறியாளரிடம் வந்தார்.

“அம்மா, இத யோசிச்ச மனுஷன் யாரு? அவர் கையப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும் எனக்கு.”

பொறியாளர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மனைவிதான் அருகே வந்தார். பெரியவரின் வலது கையை எடுத்து, அவருடைய இடது கைக்குள்ளேயே வைத்து மூடினார்.

“பிடிச்சாச்சு, சொல்லுங்க” என்றார். “இது எல்லாத்தையும் வரைஞ்சது இந்தக் கைதாங்க. இன்னிக்குக் காலையிலயும் சொன்னேன்.”