ஃபேன் இல்லாத கம்ப்யூட்டர்

"ஃபேன் சத்தம் இருபத்து ரெண்டு டெசிபல்தான் மேடம். இலை உதிர்ற சத்தம்தான். அதுவும் கேக்குதுன்னா உங்களுக்கு இருக்கிறது காது இல்ல, ராடார்!"

வெங்காய ரொட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டே சொன்னான் ராடெக். போலந்தின் லுப்ளின் நகரில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் அந்தக் கடையில் அவனைவிட விஷயம் தெரிந்தவன் கிடையாது. அதை அவனேதான் எல்லோரிடமும் சொல்வான்.

எதிரே நின்ற லுத்மிவாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கோட்டுப் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் நின்றாள்.

"கேக்குது தம்பி. உர்ர்ருனு. ஏற்கெனவே ரெண்டு கடையில வாங்கித் திருப்பிக் குடுத்துட்டேன். இங்கயும் சரிப்படலைன்னா வீட்ல படம் பாக்குறதையே விட்டுட வேண்டியதுதான்."

"அந்த ரெண்டு மேதாவிங்களும் என்னத்த மாட்டிக் குடுத்தாங்க?"

அவள் ஒரு சீட்டை நீட்டினாள். அதைப் படித்துவிட்டு அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அறுநூறு வாட் பவர் சப்ளையா! ஹால்ல வெல்டிங் பட்டறை வெக்கப் போறீங்களா? கிராபிக்ஸ் கார்டு வேற, அதுக்கு ரெண்டு ஃபேன். கரகரன்னு சுத்துற ஹார்ட் டிஸ்க். மேடம், இது கம்ப்யூட்டர் இல்ல, மாவு மில்லு."

"அதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு ராடெக் கொஞ்சம் இறங்கி வந்தான். ரொட்டியை ஒதுக்கிவிட்டு, டப்பாக்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தான்.

"பிராசசர், முப்பத்தஞ்சு வாட். படம் ஓட்ட இதுக்குள்ள இருக்கிற கிராபிக்ஸே தாராளம். ஹார்ட் டிஸ்க் கிடையாது, எஸ்எஸ்டி. பவர் சப்ளை வெளியில தொங்கும், லேப்டாப் சார்ஜர் மாதிரி. கேபினெட் ஒரு அகராதி தண்டிதான். ஒரே ஒரு ஃபேன், அதுவும் நோகாம சுத்தும்."

"அந்த ஒண்ணும் வேண்டாம்."

"டிவிக்குப் பின்னாடி தள்ளி வைங்க, கேக்காது."

"எங்க ஹால்ல சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல ஒரு ஆள் திரும்ப முடியாது. எங்க வெச்சாலும் பக்கத்துலதான்."

"அப்படி என்னதான் படம் பாக்குறீங்க? ஒத்தை ஆளு ஒத்தைப் பியானோ வாசிக்கிறதா?"

"பழைய அமெரிக்கப் படம். திருடன், போலீஸ், கார் துரத்தல். லெக்டர் குரல் போட்டது."

ராடெக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"லெக்டரா! கதாநாயகி அழுவா, வில்லன் கத்துவான், குழந்தை கொஞ்சும். எல்லாத்துக்கும் மேல ஒரே ஆம்பளை, போலிஷ் மொழியில கேஸ் பில் வாசிக்கிற மாதிரி வாசிச்சுக்கிட்டே போவான். அதையா உக்காந்து கேக்குறீங்க? நாகரிகம் தெரிஞ்சவங்க அசல் குரல்ல வெச்சு, கீழ ஓடுற எழுத்தைப் படிச்சுக்குவாங்க. அவன் போடுற இரைச்சல்ல டிராக்டரே ஓடினாலும் கேக்காது. இதுக்கு ஃபேன் கூடாதாம்!"

"டிராக்டரும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம்."

முணுமுணுத்தபடியே அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போனான். அங்கே பார்வைக்கு வைத்திருந்த இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் ஃபேன் உண்டு. மற்றதில் கிடையாது. அதன் பக்கவாட்டு முழுக்க அலுமினியப் பட்டைகள்தான். உள்ளே கிளம்புகிற சூடு அவற்றில் இறங்கி வெளியேறிவிடும்.

லுத்மிவா கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கொடுத்தாள். ராடெக் அதை ஃபேன் உள்ள பெட்டியில் செருகினான். படம் ஓடியது. துப்பாக்கிகள் வெடித்தன. அதன் மேல் ஒரு கனத்த ஆண் குரல், எந்த அவசரமும் இல்லாமல் வசனம் வாசித்தது.

"பாருங்க, அஞ்சு பேரு செத்து விழுறான், இந்த ஆளு கொட்டாவி விடுறான்!" என்றான் ராடெக்.

லுத்மிவா சிரித்துவிட்டு, ரிமோட்டை எடுத்து டிவியின் ஒலியை நன்றாகக் குறைத்தாள்.

"இவ்வளவு சன்னமாவா பாப்பீங்க?"

"இப்படித்தான். தம்பி, என் பக்கத்துல உக்காந்து ஏதாவது கிசுகிசுன்னு சொல்லுங்க. நான் உங்க வாயைப் பாக்க மாட்டேன்."

ராடெக் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். உட்கார்ந்தான். எதையோ கிசுகிசுத்தான்.

"உஸ்ஸுங்குது. ஒண்ணும் புரியல. அடுத்த பெட்டியைப் போடுங்க."

ஃபேன் இல்லாத பெட்டியில் அதே படம் ஓடியது. ராடெக் இன்னும் மெதுவாகக் கிசுகிசுத்தான்.

"பைத்தியக்காரக் கிழவின்னு சொன்னீங்க," என்றாள் லுத்மிவா, முகமெல்லாம் மலர. "இதேதான். இதையே கட்டிக் குடுங்க."

அவன் காது மடல் சிவந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"தர்றேன் மேடம். ஆனா கடைசியா ஒண்ணு. ஊரெல்லாம் அலைஞ்சு, என் உயிரை வாங்கி, இந்த அழுமூஞ்சி லெக்டர் குரலையா கேக்கப் போறீங்க?"

"இல்ல தம்பி, அது எனக்கு மனப்பாடம். முப்பது வருஷம் லெக்டரா இருந்தவர் என் வீட்டுக்காரர்."

ராடெக் டிவியைப் பார்த்தான். அந்தக் குரல் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது.

"போன வருஷம் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. அதுலேர்ந்து இந்தக் கிசுகிசுப்பு மட்டும்தான் வருது அவருக்கு," என்றாள் லுத்மிவா, பென்டிரைவைக் கழற்றிக்கொண்டே. "இந்தப் படத்தையெல்லாம் போட்டா, என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, 'இந்த வரியைச் சொதப்பிட்டான் பாரு முட்டாள்'னு தன்னையே திட்டிக்கிட்டு இருப்பார். எனக்குக் கேக்க வேண்டியது அதுதான்."