கறுப்புக் கார்

மாகாளியப்பனின் புது ஹைபிரிட் கார் வாசலில் கரிக்கறுப்பாக நின்றது. அந்த ஊரில், தொழிற்சாலையில் செய்தபோது எழுந்த புகைக்கு ஈடாக உழைத்து முடிக்கும்வரை எந்தக் காருக்கும் அதுதான் நிறம். வருஷக்கணக்கில் ஓடினால்தான் மெல்லப் பச்சை பிடிக்கும். அவர் போன மாதம் புரோக்கரிடம் தள்ளிவிட்ட பழைய கார் வாழையிலைப் பச்சையில் இருந்தது.

“ஊருக்கு நல்லதுன்னுதானே மாத்துனேன்,” என்றார் பாவமாக.

“நல்லா ஓடிட்டிருந்ததை வித்துப்போட்டு கரிச்சட்டியக் கொண்டாந்து நிறுத்தீட்டீங்க,” என்றாள் மனைவி பூங்கொடி. “பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

அவர் பூக்கடைக்கு ஓடினார். பானெட் முதல் டிக்கி வரை செவ்வந்தி மாலைகளாகச் சுற்றினார். கார் சாமி சப்பரம் மாதிரி ஆனது. கறுப்பு மட்டும் இடுக்கிலெல்லாம் எட்டிப் பார்த்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அவர்கள் வந்த காரைக் கண்டதும் மாகாளியப்பன் மாலைகளுக்குப் பின்னால் நழுவினார். அதே வாழையிலைப் பச்சை. இடது கதவில், இந்த வீட்டுக் கேட்டில் அவரே இடித்த அதே நசுங்கல்.

“போன மாசம் புரோக்கர்கிட்ட வாங்குனதுங்க,” என்று மாப்பிள்ளையின் அப்பா பெருமையாகக் கதவைத் தடவினார். “இத்தனை பச்சையான வண்டிய எந்தப் புண்ணியவான் வித்தாரோ! நேர்ல பாத்தா கையெடுத்துக் கும்பிடுவேனுங்க.”

பூங்கொடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாலைகளுக்குப் பின்னால் பதுங்கிய கணவரைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

“கும்பிட்டுக்குங்க சம்பந்தி. இவருதானுங்க!”