அடிமை தப்பிக்கும் அத்தியாயம்

கண்டி குண்டசாலை வீட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டு ஜெயராஜ் தன் மர்ம நாவலை வாசித்துக் காட்டினான். மூன்று வருடமாக அவனுக்கு வேறு வேலை கிடையாது. மனைவி யசோதினி தரையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பழைய ரோமாபுரியில ஒரு அடிமைப் பொண்ணு. எசமான் வீட்டுத் தங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா திருடி, கப்பல்ல இலங்கைக்கு அனுப்புறா. இந்தக் காலத்துல என் கதாநாயகன் அதைக் கண்டியில தோண்டி எடுக்கிறான். எப்படி?”

“கப்பல்ல அவளே ஏறித் தப்பிச்சிருக்கலாமே?”

“அறிவு கெட்டவளே, அவ தப்பிச்சா புதையல் எப்படி வரும்?”

“உங்க கதாநாயகன் பொழப்புக்கு என்ன செய்றான்?”

“அவனுக்கு எதுக்குப் பொழப்பு? அதான் புதையல் இருக்கே! ரோமாபுரியப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நான் எத்தனை புத்தகம் படிச்சிருக்கேன்!”

படிக்கவே பிறந்த மகராசன் என்று யசோதினி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

உள்ளறையில் படுத்திருந்த கிழவி இத்தாலிய மொழியில் கத்தினாள். யசோதினி ஈரக் கையைச் சேலையில் துடைக்கப் போய், தான் போட்டிருப்பது வேலைக்காரச் சீருடை என்பது நினைவுக்கு வர, அதிலேயே துடைத்துக்கொண்டு மேசையிலிருந்த கைப்பேசியை எடுத்தாள்.

“வைக்கிறேங்க. கிழவியைக் குளிப்பாட்டணும்.”

“இரு. தீபாவளிக்கு ஊருக்கு வர்றேன்னு நிக்காத. நாவல் முடியிற வரைக்கும், இன்னும் ரெண்டு வருஷம் ரோமிலேயே இரு.”

“கதையை மாத்துங்க” என்றாள் யசோதினி. “அடிமை தப்பிச்சிட்டா. இனிமே புதையல் வராது. உங்க கதாநாயகன வேலைக்குப் போகச் சொல்லுங்க.”