பனிக்கு முந்தின தக்காளி

பட்டப்பகலில், கொஞ்சமும் கூச்சமில்லாமல், டெல்லா தன் புருஷனின் தக்காளிச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ரோஸ்லினுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நுனிக் கொழுந்து, மஞ்சள் பூ, கோலிக்குண்டு அளவுப் பிஞ்சு எல்லாம் மண்ணில் கிடந்தன. செடிக்கு ஒரே ஒரு காய்தான் மிச்சம்.

"டெல்லா! என்ன பண்றே?"

"பாத்தாத் தெரியலையா? வெட்டுறேன்."

"இது ஜூலைடீ! பனி விழ செப்டம்பர் ஆகும். அதுக்குள்ள எதுக்கு வெட்டுறே? இந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சேதான் பண்றியா?"

டெல்லா நிமிரவில்லை. "நீ போய் உன் சுக்கினிக் காயைப் பறி ரோஸ்லின். ஒவ்வொண்ணும் படகு மாதிரி ஆயிருச்சு."

மினசோட்டாவின் வடகோடியில் இருந்த அந்த ஊரில் எல்லாக் கணக்கும் பனியை வைத்துத்தான். வசந்தத்தின் கடைசி உறைபனி போன பிறகே நாற்றை வெளியே நடுவார்கள். இலையுதிர் காலத்து முதல் உறைபனியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இனிப் பூக்கிற பூ பழமாகாது என்று தெரிந்ததும் செடியின் தலையைக் கிள்ளிவிடுவார்கள். இருக்கிற காயாவது பழுக்கட்டும் என்று.

அந்தக் கணக்கில் டெல்லாவின் புருஷன் ஹால்வரை மிஞ்ச ஆளில்லை. அவர் நாற்று நட்டுவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்கள் மண்வெட்டியைத் தேடுவார்கள்.

அவருக்கு இரண்டாம் தாரமாக வாய்த்த டெல்லாவோ ஃப்ளோரிடாக்காரி. பனியை இங்கே வந்துதான் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது ரோஸ்லின் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஆபரேஷன் ஆகி வந்ததிலிருந்து ஹால்வர் முன்னறையிலேயே படுத்துக் கிடக்கான். பின்னால தோட்டத்துல என்ன நடக்குதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெற்கத்திக்காரிக்கு நம்ம ஊர் மண்ணு மேல என்ன பாசம் இருக்கும்?" என்றாள் ஒருத்தி.

"வீட்டை வித்துட்டுக் கிளம்பப் போறாளோ என்னவோ," என்றாள் இன்னொருத்தி. "யாராவது அவன்கிட்ட சொல்லணும்."

"நான் சொல்றேன்," என்றாள் ரோஸ்லின். பள்ளிக்கூடத்தில் ஹால்வரும் அவளும் ஒரே வகுப்பு. அந்த உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

மறுநாள் டெல்லா மருந்துக் கடைக்குக் காரை எடுத்துக்கொண்டு போனதும், ரோஸ்லின் ஒரு ரொட்டியோடு உள்ளே நுழைந்தாள்.

ஹால்வர் பாதியாக இளைத்திருந்தார். குரலில் மட்டும் குறும்பு குறையவில்லை.

"சுக்கினி ரொட்டிதானே? உன் தோட்டத்துல வேற எதுவும் காய்க்காதா?"

"உன் தோட்டத்துல இனிமே எதுவுமே காய்க்காது. உன் பொண்டாட்டி தக்காளியை வெட்டிட்டா, ஹால்வர்."

"வெட்டிட்டாளா? வேரோடயா?"

"இல்ல. நுனி, பூ, பிஞ்சு. எல்லாத்தையும்."

"காய்?"

"செடிக்கு ஒண்ணு விட்டிருக்கா. மனசு வந்து."

"எது? மேல இருக்கிறதா, அடியில இருக்கிறதா?"

"அடியில இருக்கிற பெருசு. எதுவா இருந்தா என்ன?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. நாற்று நடும் முன் வானத்தைப் பார்த்து இப்படித்தான் முணுமுணுப்பார்.

"அப்போ ஆகஸ்ட் தொடக்கம்," என்றார்.

"என்ன ஆகஸ்ட்?"

"அதுக்குள்ள ஒண்ணாவது பழுத்தாகணும்னு பண்ணியிருக்கா. பனி எப்போ வருதோ, அங்கேயிருந்து பின்னால எண்ணணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"பனி வர்றது செப்டம்பர்ல, ஹால்வர்!"

"அது செடிக்கு," என்றார் அவர்.

ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்த ரோஸ்லினின் கை நின்றது.

"எனக்கு இன்னும் எவ்வளவு காலம்ங்கிறதை என்கிட்ட சொல்லாதீங்க, அவகிட்ட சொல்லுங்கன்னு டாக்டர்கிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன். சொல்லியிருக்காரு போல." அவர் ஜன்னலைப் பார்த்தார். அதில் சாலை மட்டும்தான் தெரிந்தது. "இந்த வருஷமும் நம்ம தக்காளி ஒண்ணு, உப்புப் போட்டுத் திங்கணும்னு அவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். தின்னுடலாம்னு சொன்னா."

"ஹால்வர்... எனக்கு... நான் நெனச்சது..."

வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நோயாளியின் பிடியாக இல்லை அது.

"நீ எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. புரியுதா?"

டெல்லா மருந்துப் பையோடு வாசலில் நின்றாள். நகக்கண்ணில் தோட்டத்து மண். ரோஸ்லினைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ரோஸ்லினையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கே போய்த் தொலைஞ்சே?" என்று அதட்டினார் ஹால்வர். "மாடியில பழைய படுக்கை விரிப்பெல்லாம் கிடக்குல்ல, எடுத்துத் துவைச்சு வை. செப்டம்பர்ல பனி விழுறப்போ நான்தானே எழுந்து போய்த் தக்காளியை மூடணும்? ஃப்ளோரிடாக்காரிக்கு ஒழுங்கா மூட வராது."

"சரி, துவைச்சு வைக்கிறேன்," என்றாள் டெல்லா.

ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். டெல்லாவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

மனுஷனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்கிற நிம்மதி அதில் அப்படி நிறைந்திருந்தது.