இரண்டாவது படம்

நமக்குப் பக்கத்தில் இருக்கும் சுருள் கேலக்ஸியைப் பெரிய தொலைநோக்கியில் படமெடுத்தே தலை நரைத்தவர் மாமா. கூடவே வேலை பார்க்கும் மைத்துனன் காலையில் காபியோடு வந்தான்.

“மாமா, நேத்து ராத்திரி நீங்க எடுத்த முதல் படத்துல ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு. உலகத்துக்கே அறிவிச்சிட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?”

“கேட்டா விடுவீங்களா?”

முப்பது வருடம் காத்திருந்த புகழை வீட்டு ஆளே தட்டிப் பறித்துவிட்டான். வயிறு எரிய, ஒரு மணி நேரம் கழித்து எடுத்திருந்த இரண்டாவது படத்தைத் திறந்தார். அந்தப் புள்ளி நகர்ந்திருந்தது. வெடித்த நட்சத்திரம் நகராது. இது குறுக்கே போன வெறும் விண்பாறை.

மாமாவுக்கு வயிறு குளிர்ந்தது. “ஊரே சிரிக்கப் போகுதுடா மச்சான்.”

“எனக்கும் லேசா சந்தேகம்தான் மாமா,” என்றான் அவன். “அதான் உங்க பேர்ல அனுப்பினேன்.”